திருத்தங்கலைக் கேக்கலை, எங்களையாவது கேளுங்க

தீபாவளி நெருங்கினா சென்னை, மதுரை, கோயம்புத்தூர் வண்டியெல்லாம் எங்க பக்கம்தான் வரும். வெடி வாங்க வர்றவங்க பாதிப்பேர் திருத்தங்கல் வழியாத்தான் சிவகாசிக்குள்ள நுழையுறீங்க. எது வரைக்கும் திருத்தங்கல், எங்க இருந்து சிவகாசின்னு உங்களுக்குத் தெரியாது. வீடும் கடையும் அச்சாபீசும் ஒட்டிக் கிடக்கு. ஒட்டிக் கிடந்தா ஒண்ணாச் சேர்த்தா என்னன்னு தோணும். அரசாங்கத்துக்கும் அப்படித்தான் தோணுச்சு. 2021 அக்டோபர்ல சிவகாசி நகராட்சியையும் திருத்தங்கல் நகராட்சியையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கிட்டாங்க. 48 வார்டு. 2022 பிப்ரவரியில தேர்தலும் முடிஞ்சுது.

திருத்தங்கல்காரங்க கிட்ட ஓட்டெடுத்துக் கேட்டாங்களா? இல்லை. சட்டசபையில அறிவிச்சாங்க, அரசாணை வந்துச்சு, தனக்குன்னு ஒரு தலைவர் வச்சிருந்த ஊர் பக்கத்து ஊர்ல கரைஞ்சு போச்சு. 2011 கணக்கெடுப்புல சிவகாசிக்குள்ள 71 ஆயிரம் பேர், திருத்தங்கல்ல 55 ஆயிரம் பேர். பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. ஆனா பேர் மட்டும் சிவகாசி.

வயசுல யார் மூத்தவங்கன்னு பார்த்தா இன்னும் சிரிப்பா வரும். சிவகாசி நகராட்சி ஆனது 1920ல. தீப்பெட்டித் தொழிலைக் கல்கத்தாவுல போய்க் கத்துக்கிட்டு வந்ததும் அதுக்கப்புறந்தான். திருத்தங்கல் சிலப்பதிகாரத்துலயே இருக்கு. நின்ற நாராயணப் பெருமாள் மலைமேல நிக்கிற 108 திவ்ய தேசத்துல ஒண்ணு. அதே மலையில சிவன் கோயிலும் இருக்கு.

சிலப்பதிகாரத்துல அந்த ஊர் சும்மா பேருக்கு வரலை. மதுரை எரிஞ்ச பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகி முன்னால வந்து, பாண்டிய வம்சம் நீதி தவறாததுன்னு சொல்லும். அதுக்குச் சாட்சியா அது சொல்ற கதை திருத்தங்கல் கதை. வார்த்திகன்னு ஒருத்தர். அவர் பையனுக்கு வழிப்போக்கர் ஒருத்தர் நகை நட்டெல்லாம் குடுத்துட்டுப் போறார். பொறாமை பிடிச்ச அரசாங்க ஆளுக, அது புதையல், மறைச்சு வச்சிருக்கான்னு சொல்லி அப்பனைச் சிறையில போட்டுட்டாங்க. பொண்டாட்டி கார்த்திகை அழுது புரண்டா. காளி கோயில் கதவு திறக்கவே இல்லை. ராசா விசாரிச்சான். தப்பு தன் ஆளுக மேலன்னு தெரிஞ்சதும் வார்த்திகன்கிட்ட மன்னிப்புக் கேட்டான். திருத்தங்கலையும் வயலூரையும் அவருக்கே குடுத்தான். சிறைக் கதவைத் திறக்கச் சொன்னான், வரிப் பாக்கியைத் தள்ளுபடி பண்ணச் சொன்னான். புதையல் இனிமே கண்டெடுத்தவனுக்கேன்னு பறையறைஞ்சான்.

ராசா காலத்துலயே அந்த ஊர்க்காரன் ஒருத்தனுக்காக கவர்மெண்டு இறங்கி வந்திருக்கு. நம்ம காலத்துல 55 ஆயிரம் பேர்கிட்ட ஒரு வார்த்தை கேக்க முடியலை. வரித் தள்ளுபடி எங்க? 2022 ஏப்ரல்ல தமிழ்நாட்டு நகரங்களுக்கெல்லாம் சொத்து வரியைக் கூட்டினாங்க. இங்க 600 சதுர அடிக்குள்ள இருக்கிற வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 அடிக்கு மேல 100 சதவீதம். நகராட்சியா இருந்திருந்தாலும் அந்த உயர்வு வந்திருக்கும், அதை மாநகராட்சி தலையில கட்டமாட்டேன். ஆனா கூட்டுன வரிக்குக் கணக்குக் கேக்கணும்னா முன்னாடி உள்ளூர் ஆபீசுக்கு நடந்து போகலாம்.

இப்ப நான் ஏன் இதைத் தூக்கிட்டு வர்றேன்னா, அடுத்த வரிசையில நிக்கிறது நாங்க. ஆனையூர், விஸ்வநத்தம், சித்துராஜபுரம், பள்ளபட்டி, நாரணாபுரம்னு சிவகாசியைச் சுத்தி இருக்கிற பஞ்சாயத்துகளையும் சேர்க்கணும்னு பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு. நகராட்சி மாநகராட்சி ஆகுறதுக்கும் கிராமப் பஞ்சாயத்து மாநகராட்சி ஆகுறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். திருத்தங்கல் இழந்தது பேரும் தலைவரும். நாங்க இழக்கப் போறது நூறு நாள் வேலை. அது கிராமப்புறத்துக்கு மட்டுந்தான். மானாவாரி கரிசல்ல மழை பொய்ச்ச வருசம், வெடியாபீஸ் அடைச்சுக் கிடக்கிற மாசம், எங்க பொம்பளைகளுக்கு அடுப்பு எரியுறது அந்தக் கூலியிலதான். கண்மாய்க் கரையில முள்ளு வெட்டி நிழல்ல உக்காந்திருக்காங்கன்னு பட்டணத்துல கேலி பேசுவாங்க. வந்து ஒரு நாள் சித்திரை வெயில்ல மண் சுமந்து பார்க்கட்டும்.

இன்னொண்ணு கிராம சபை. வருசத்துல ஆறு நாள், ஊர் ஓட்டர் யார் வேணும்னாலும் எந்திரிச்சு நின்னு கேக்கலாம். போன தடவை எங்க தெரு அக்கா ஒருத்தர், எழுதப் படிக்கத் தெரியாதவங்க, “மோட்டாருக்கு ரிப்பேர்னு மூணு தடவை எழுதியிருக்கே, எந்த மோட்டாரு?”ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல வேண்டியவர் முழிச்ச முழி இருக்கே! மாநகராட்சியிலயும் பகுதி சபைன்னு வச்சிருக்காங்களே, 2022 நவம்பர் 1ல நடத்தினாங்களேன்னு கேப்பீங்க. நல்லது. கவுன்சிலர் தலைமையில வார்டு கமிட்டி, அதுல நியமிச்ச ஆளுக. கிராம சபை மாதிரி ஊரே உக்காந்து தணிக்கை அறிக்கையைப் படிச்சு ஒத்துக்கிற இடம் அது இல்ல.

மாநகராட்சி ஆனா நிதி கொட்டும், பாதாளச் சாக்கடை வரும், ரோடு வரும்ங்கிறாங்க. வரட்டும். எங்களுக்கு மட்டும் சகதியில நடக்க ஆசையா? ஆனா சிவகாசிக்குள்ளயே குழாய்த் தண்ணிக்கு நாள் எண்ணிக் காத்திருக்கிற தெருவு இருக்கு. அதைச் சரி பண்ணிட்டுப் பக்கத்து ஊருக்கு வாங்கன்னா தப்பா?

வெளிநாட்டைப் பாருங்கன்னு படிச்சவங்க சொல்வாங்க. பார்த்தேன். சுவிட்சர்லாந்துல சூரிச் நகரம் 1893ல பக்கத்து ஊர் 11ஐச் சேர்த்துக்கிச்சு. பிறகு 22 ஊரைச் சேர்க்கிற திட்டத்தை 1929ல அந்த மாநில மக்கள்கிட்ட ஓட்டுக்கு விட்டாங்க. மக்கள் வேணாம்னுட்டாங்க. குறைச்சு, மறுபடி ஓட்டு வச்சு, 1934ல 8 ஊர்தான் சேர்ந்துச்சு. நகரம் ஒண்ணும் அழிஞ்சு போகலை, பணக்கார நகரமாத்தான் இருக்கு.

எங்க நிலைமை என்ன? 2025 ஜனவரியோட பஞ்சாயத்துத் தலைவர்களுக்குப் பதவிக்காலம் முடிஞ்சு, தனி அலுவலர் கையில ஊர் இருக்கு. எதிர்த்துப் பேச எங்களால தேர்ந்தெடுத்த ஆளே இல்லாத நேரம். இந்த நேரத்துல எல்லையை மாத்துறது வீட்டுக்காரன் வெளியூர் போயிருக்கையில வேலியைத் தள்ளி நடுற மாதிரி.

அக்டோபர் 2 கிராம சபையில, எங்க சம்மதம் இல்லாம ஊரைச் சேர்க்கக் கூடாதுன்னு தீர்மானம் கொண்டுவரப் போறோம். ஓட்டு இங்க, பொழப்பு சென்னையிலன்னு இருக்கிற எங்க பஞ்சாயத்துக்காரங்க, எப்படியும் வெடி வாங்க வருவீங்க. அன்னைக்கே வாங்க. வாக்காளர் அட்டையை மறக்காம எடுத்துட்டு வாங்க, கையெழுத்து எண்ணிக்கை முக்கியம்.