பாட்டிலின் பின்பக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும்: பாலும் சீனியும். 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் ராஜபாளையத்து மளிகைக் கடைகளில் இப்போது வரிசைகட்டி நிற்கிற சோயா சாஸ், சில்லி சாஸ், 'ஸ்டிர் ஃப்ரை' சாஸ் பாட்டில்களில் என்ன இருக்கிறது? பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் நம் வீட்டு அடுப்படிக்கும் அவை வந்துவிடுகின்றன.

நான் பாட்டிலைத் திருப்பிப் படிக்கிற ஆள். ஐ.என்.எஸ். என்று போட்டு எண்கள் இருக்கும். 150 என்று தொடங்கினால் கேரமல், அந்தக் கறுப்பு நிறத்துக்கு. 211 சோடியம் பென்சோயேட், கெடாமல் இருக்க. 260 வினிகரின் புளிப்பு. 415 சாந்தன் கம், கெட்டியாக நிற்க. 621-ஐத்தான் நாம் அஜினோமோட்டோ என்று சொல்லிப் பயப்படுகிறோம்.

அந்தப் பயம் கொஞ்சம் அதிகம் என்பது என் கட்சி. 1908-ல் ஜப்பானியப் பேராசிரியர் இகேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சுவை அது. பழுத்த தக்காளியிலும் அதே குளுட்டமேட் உண்டு. 2015-ல் மேகி விவகாரத்தின்போது டீக்கடை முழுக்க இதே பேச்சு. உப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு உப்புதான் எதிரி. நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் மட்டும் சுமார் 900 மில்லிகிராம் சோடியம், அதாவது இரண்டே கால் கிராம் உப்பு. காலையில் பிரஷர் மாத்திரை, ராத்திரி ஃப்ரைடு ரைஸ் என்றால் மாத்திரை பாவம், என்ன செய்யும்?

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். தமிழும் போடலாம், தடையில்லை, கட்டாயமும் இல்லை. விளம்பரம் மட்டும் நல்ல தமிழில் வருகிறது! விற்க முடிகிற மொழியில் உப்பின் அளவையும் அச்சடிக்க வேண்டும், அதுவும் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில். இதைக் கட்டாயமாக்கச் சொல்லி நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

அதுவரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு இடம் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் வரும். தண்ணீர், உப்பு, சீனி என்றே தொடங்கினால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று யோசியுங்கள். அடுத்து சோடியம் வரி. அது 100 மில்லிக்கா, ஒரு கரண்டிக்கா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஏழு மடங்கு வித்தியாசம்.