ட்ரோபோனின் அறிக்கையில் விடுபடும் வரிகள்

நெஞ்சு வலி என்று மருத்துவமனைக்குப் போகிறவருக்கு ஈசிஜி எடுத்த கையோடு ட்ரோபோனின் பரிசோதனைக்கு ரத்தமும் எடுக்கிறார்கள். இதயத் தசை சேதமடைந்தால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. ஈசிஜியிலேயே மாரடைப்பு தெளிவாகத் தெரிந்துவிட்டால் இந்த முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. ஈசிஜி பிடிகொடுக்காதபோதுதான் சிக்கல். அட்மிட் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது அப்போது பெரும்பாலும் இந்த ஓர் எண்ணில் வந்து நிற்கிறது. அந்த எண்ணையோ சில ஆய்வகங்கள் ‘நெகட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லாகவோ, தடித்த எழுத்தில் நட்சத்திரக் குறியிட்டோ நீட்டிவிடுகின்றன. எந்த கிட், எந்த அலகு, எத்தனை மணிக்கு எடுத்த ரத்தம் என்பதைச் சொல்லாத ட்ரோபோனின் அறிக்கையை வெளியிடக் கூடாது என்று தமிழக அரசு விதி செய்ய வேண்டும்.

அலகிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. பழைய முறையில் அளவை மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்றார்கள். உயர் உணர்திறன் பரிசோதனைகளில் லிட்டருக்கு இத்தனை என்கிறார்கள். 0.014 என்பதும் 14 என்பதும் ஒரே அளவுதான். அலகை அச்சிடாவிட்டால் ஆயிரம் மடங்கு வித்தியாசம் ஒரு புள்ளியில் ஒளிந்துகொள்ளும்.

எல்லைக்கோடும் எல்லா கிட்டுக்கும் பொதுவானதல்ல. ஆரோக்கியமான நூறு பேரை அளந்தால் 99 பேர் எந்த அளவுக்குள் அடங்குவார்களோ அதுவே எல்லை. ஆனால், ட்ரோபோனினின் ஒரு வகையான ட்ரோபோனின் ஐ-யைப் பல நிறுவனங்கள் பல விதமாக அளக்கின்றன. அபாட்டின் உயர் உணர்திறன் பரிசோதனையில் ஆண்களுக்கு எல்லை 34, பெண்களுக்கு 16. இன்னொரு வகையான ட்ரோபோனின் டி-யை அளக்கும் ரோஷின் பரிசோதனைக்கு ஐரோப்பாவில் 14. அதே பரிசோதனைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எல்லை 19. தாலுகா ஊரில் ஒரு கிட்டில் 20 வந்தவருக்கு, மாவட்டத் தலைநகரில் வேறொரு கிட்டில் 35 வந்தால் ஏறியிருக்கிறது என்று சொல்ல முடியுமா? கிட்டின் பெயர் இல்லாத தாள் அந்த மருத்துவருக்குப் பயன்படாது.

விரைவுப் பரிசோதனை அட்டைகளின் கதை இன்னும் மோசம். அவற்றில் பலவும் மில்லிலிட்டருக்கு அரை நானோகிராம், அதாவது லிட்டருக்கு 500 நானோகிராம் இருந்தால்தான் கோடு காட்டும். மேலே சொன்ன பெண்களுக்கான எல்லையைப் போல முப்பது மடங்கு! அட்டையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெரிய ஆய்வகம் இல்லாத ஊரில், கோடு தெரிந்தால் அதுவே பெரிய எச்சரிக்கை. கோடு தெரியாதபோது வெறுமனே ‘நெகட்டிவ்’ என்று எழுதித் தருவதுதான் தவறு. எந்த அளவுக்கு மேல் இந்த அட்டை காட்டும் என்பதை அங்கேயே அச்சிட வேண்டும்.

நேரமும் அப்படித்தான். வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் அளவு எல்லைக்குள் இருப்பதால் மட்டும் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி அளக்கச் சொல்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லையைத் தாண்டியதெல்லாம் மாரடைப்பு அல்ல. சிறுநீரக நோய், ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று, இதயத் தசை அழற்சி, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவற்றிலும் அளவு ஏறும். 2018-இன் சர்வதேச வரையறைப்படி மாரடைப்பு என்று சொல்ல, அளவு ஏறி அல்லது இறங்கி மாறுவதோடு, இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான அறிகுறியோ ஈசிஜி, ஸ்கேன் சான்றோ வேண்டும். நட்சத்திரக் குறியைப் பார்த்துக் குடும்பமே ஆஞ்சியோவுக்கு ஓடுவது இது சொல்லப்படாததன் விளைவு.

எல்லையை நுணுக்கி என்ன பயன் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. 2015-இல் வெளியான எடின்பரோ ஆய்வில், பாலினத்துக்கு ஏற்ற எல்லைகளை உயர் உணர்திறன் பரிசோதனையோடு பயன்படுத்தியபோது, பெண்களில் மாரடைப்பு கண்டறியப்பட்ட விகிதம் 11 சதவீதத்திலிருந்து 22 ஆனது. ஆண்களில் 19 வெறும் 21 ஆனது. ஆனால், ஸ்காட்லாந்தின் பத்து மருத்துவமனைகளில் 48,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், உயர் உணர்திறன் பரிசோதனையால் புதிதாக அடையாளம் காணப்பட்டவர்களுக்கு ஓராண்டுக்குள் மாரடைப்போ இதய மரணமோ குறையவில்லை. அவர்களில் பலருக்கு இருந்தது ரத்தக்குழாய் அடைப்பால் வந்த மாரடைப்பே அல்ல. பெண்களுக்கோ ஆண்கள் அளவுக்குச் சிகிச்சையும் கிடைக்கவில்லை. எண் மட்டும் நோயாளியைக் காப்பாற்றாது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். அதனாலேயே எண்ணை எப்படிப் படிப்பது என்ற விவரத்தை மறைக்கக் கூடாது என்கிறோம்.

செலவைக் காரணம் காட்ட முடியாது. கேட்பது கிட், அலகு, எல்லை, நேரம் என்ற நான்கு வரி அச்சு. அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் பின்பற்றும் ஐஎஸ்ஓ 15189 தரம் அலகையும் மேற்கோள் எல்லையையும் ஏற்கெனவே கேட்கிறது. அங்கீகாரம் பெறாத சிறு ஆய்வகங்களை 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் விதிகளில் ஒரு திருத்தம் கட்டுப்படுத்திவிடும். அரசு மருத்துவமனைகளுக்கு அந்தத் திருத்தம்கூடத் தேவையில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் அடுத்த டெண்டரிலேயே இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: பாலினவாரி எல்லை வெளியிடப்பட்ட பரிசோதனையாக இருக்க வேண்டும், தாலுகா மருத்துவமனையிலும், அங்கிருந்து நோயாளியை அனுப்பும் மருத்துவக் கல்லூரியிலும் ஒரே கிட் இருக்க வேண்டும்.