மலிவு என்றால் மட்டமா?

கேனான் ஆர்8 கேமராவை ‘ஊனமான ஃபுல் ஃபிரேம்’ என்று ஒதுக்குகிறார்கள். உடலுக்குள் நடுக்கம் தடுக்கும் வசதி இல்லை என்பது முதல் குற்றச்சாட்டு. இல்லைதான். ஆனால் அந்த வசதி நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், எதிரே நிற்பவரின் அசைவை அல்ல. மங்கிய மேடையில் நாட்டியமாடும் பெண்ணை அந்த வசதியோடு 1/15 நொடியில் எடுத்துப் பாருங்கள். பின்னாலிருக்கும் தூண் கல்வெட்டுபோலத் தெளிவாக விழும், அவள் விரல்களோ புகையாய்க் கரைந்திருக்கும். விரல் வேண்டுமென்றால் 1/250-க்காவது போக வேண்டும், ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்ற வேண்டும். அங்கே காப்பாற்றுவது சென்சார். ஆர்8-இல் இருப்பது ஆர்6 மார்க் 2-இன் அதே 24.2 மெகாபிக்சல் சென்சார். அமெரிக்க அறிமுக விலையோ 2,499 டாலருக்குப் பதில் 1,499 டாலர்.

பேட்டரி சிறியது, கூடுதலாக ஒன்றிரண்டு வாங்கித்தான் ஆகவேண்டும். ஒரே ஒரு கார்டுதான் போட முடியும் என்பது மட்டும் உண்மையான குறை. அந்தக் கார்டு பழுதானால் மாற்றுப் பிரதி இருக்காது, தாலி கட்டும் நொடியோ திரும்ப வராது. கல்யாணத் தொழில் செய்பவர்கள் இதை வாங்க வேண்டாம் என்றே நானும் சொல்வேன்.

ஆனால் கேமரா வாங்குகிறவர்கள் எல்லோரும் கல்யாணம் எடுக்கிறவர்களா? பேட்டரி, கார்டோடு சேர்த்தே 461 கிராம். நாள் முழுக்கத் தோளில் கிடந்தாலும் உறுத்தாது. முதல் ஃபுல் ஃபிரேம் தேடுகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். மிச்சமாகும் பணத்தை நல்ல லென்ஸில் போடுங்கள்.