தொழிலாளர் பாடகரும் 5,000 டொலர் ஆசனமும்

கொடுக்கிறவன் மனமுவந்து கொடுக்கிறான், வாங்குகிறவன் வாங்கிக்கொள்கிறான், நடுவில் நமக்கென்ன வழக்கு? கச்சேரிச் சீட்டின் விலையைப் பற்றி எவராவது வாய்திறந்தால் உடனே எழும் கேள்வி இதுதான். இசை என்ன அரிசியா, மருந்தா? கேளாவிட்டால் எவரும் இறந்துவிடப் போவதில்லை. கேட்க விரும்புகிறவன் அதற்குரிய விலையைத் தரட்டுமே என்று நியாயம் பேசுகிறார்கள். இந்த நியாயத்தை வியாபாரிகள் மட்டும் பேசியிருந்தால் நாம் பேனாவை எடுத்திருக்க மாட்டோம். அது அவர்கள் தொழில். கலைஞர்களும், அவர்களைப் போற்றித் திரியும் இரசிகர்களிற் பலரும், முற்போக்காளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோருங்கூட இதனை ஒப்புவிக்கத் தொடங்கியிருப்பதனாலேயே சற்று விரிவாக ஆராய வேண்டியிருக்கிறது.

ஆராய்ச்சிக்கு நாம் எளிதான எதிரியைத் தேர்ந்துகொள்ளவில்லை. அமெரிக்காவின் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கூலிக்கு மாரடிக்கும் பாடகரல்லர். 1949இல் பிறந்து, நியூ ஜேர்ஸி மாநிலத்தின் ஃப்ரீஹோல்ட் என்ற தொழிலாளர் ஊரில் வளர்ந்தவர். நிரந்தர வேலை கிட்டாமல் அல்லற்பட்ட ஒரு தகப்பனின் மகன். ஆலைகளும், மூடப்பட்ட ஆலைகளும், வேலை இழந்த மனிதரின் இரவுகளுமே அவருடைய பாடல்களின் உலகம். இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர் நீண்ட வேலைநிறுத்தத்தில் தோற்று நின்ற 1985இல், அவர்களுடைய மனைவியரின் ஆதரவுக் குழுவுக்குப் பணம் கொடுத்தவர். அவருடைய பரிவு வேஷம் என்று நாம் கூறவில்லை. வேஷமில்லாத பரிவும் சந்தையின் கையில் என்ன ஆகின்றது என்பதே நமது கேள்வி.

1977 செப்டெம்பர் 19, திங்கட்கிழமை. ஒஹாயோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் நகரில், உருக்கு ஆலைக் கம்பனி ஒன்று தன் கம்பெல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 5,000 பேரின் வேலை போயிற்று. அந்நாளை அவ்வூரார் இன்றும் 'கறுப்புத் திங்கள்' என்றே அழைக்கின்றனர். அடுத்த சில ஆண்டுகளில் ஏனைய ஆலைகளும் அவ்வழியே சென்றன. உருக்குத் தொழிலாளர் தம் ஊதுலை ஒன்றுக்கு 'ஜென்னி' என்று பெண்பெயரிட்டு அழைத்து வந்தார்கள். அந்த உலையும் அணைந்தது. டேல் மஹரிட்ஜ் எழுதி மைக்கேல் வில்லியம்சன் படம்பிடித்த நூலொன்றின் மூலம் இந்தக் கதையைப் படித்த ஸ்பிரிங்ஸ்டீன், அதனைப் பாடலாக்கி 1995இல் வெளியான தம் இசைத்தட்டிற் சேர்த்தார். பாடலின் பெயரே 'யங்ஸ்டவுன்'. பின் 1996 ஜனவரி 12ஆந் திகதி, கடுங்குளிர்க் காலத்தில், அந்த ஊருக்கே வந்து, பெரிய விளையாட்டரங்குகளை விடுத்து, ஸ்டாம்போ மண்டபத்திற் பாடினார். இசைக்குழு இல்லை. ஒரு கிற்றார், ஒரு வாயிசைக் கருவி, ஒரு மனிதர்.

அந்தச் சுற்றுப்பயணம் முழுவதிலும், பாடும்போது அமைதி காக்குமாறு சபையோரைக் கேட்டுக்கொள்வது அவர் வழக்கமாயிருந்தது. ஆர்ப்பரித்துப் பழகிய இரசிகர் வாய்மூடி இருந்து கேட்டனர். இங்கே நிதானித்து ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூடிய ஆலையைப் பற்றிய பாட்டு, அந்த ஆலையில் உழைத்தவனும் அவன் பிள்ளைகளும் வாழும் ஊரில் பாடப்படுகிறது. அந்த அமைதியை ஆக்கியவர் யார்? பாடகர் மட்டுமா? நூல் எழுதியவனிடம் தம் வாழ்வைச் சொன்ன மனிதரும், உலைக்குப் பெயர் வைத்த தொழிலாளரும், மூச்சடக்கி இருந்த சபையும் சேர்ந்தே அதனை ஆக்கினர். 'நெருக்கம்' என்ற நம் சொல்லுக்குச் சனநெருக்கம் என்ற பொருளும் உண்டு, உள்ளத்தின் நெருக்கம் என்ற பொருளும் உண்டு. சிறிய மண்டபத்துக் கச்சேரியில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அது எவருக்கும் தனிச்சொத்தாக முடியாதது.

இருபத்திரண்டு ஆண்டுகளில் அது சொத்தாகிவிட்டது. 2017 ஒக்டோபர் முதல் 2018 டிசெம்பர் வரை, இரண்டு குளிர்காலங்களைத் தொட்டு, நியூயோர்க்கின் புரோட்வேயில் உள்ள வால்டர் கெர் அரங்கில் ஸ்பிரிங்ஸ்டீன் தனியாக நின்று தம் வாழ்க்கையைக் கதையாகவும் பாட்டாகவும் சொன்னார். ஆசனங்கள் ஆயிரத்துக்கும் குறைவு. நிகழ்ச்சிகள் 236. சீட்டின் விலை 75 டொலரிலிருந்து 850 டொலர் வரை. சராசரி விலையோ 500 டொலரைத் தாண்டியது. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணித்தியாலத்துக்கு 7 டொலர் 25 சதம். அக்கூலி பெறுபவன், உழைக்கும் மனிதனைப் பற்றிய பாட்டைக் கேட்க ஏறத்தாழ 69 மணி நேரம் உழைக்க வேண்டும். ஏழைகளை மறந்துவிட்டார்கள் என்று எவரும் குறை கூறலாகாதே! ஒவ்வோர் இரவுக்கும் 75 டொலர் விலையில் 26 சீட்டுகளைக் குலுக்கலில் விட்டார்கள். நூற்றுக்கு மூன்று பேரும் தேறாது. தகப்பனின் உழைப்பைப் பற்றி மேடையில் உருக்கமாகப் பேசப்பட்டது. அந்தத் தகப்பனையொத்தவன் வாசலில் குலுக்கல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சரி, அது சிறிய அரங்கு, இடம் குறைவு என்பார்கள். 2022 ஜூலையில் நடந்தது அந்தச் சாட்டையும் போக்கிவிட்டது. தம் இசைக்குழுவோடு அடுத்த ஆண்டு பெரிய அரங்குகளிற் பாடுவதற்கான சீட்டுகள் விற்பனைக்கு வந்தன. கேள்வி கூடக் கூட விலையும் தானே ஏறும் முறை ஒன்றைச் சீட்டு விற்கும் கம்பனியான டிக்கட்மாஸ்டர் கையாண்டது. சில ஆசனங்கள் 5,000 டொலர் வரை ஏறின. முன்சொன்ன குறைந்தபட்சக் கூலிக்காரனின் கணக்கிற் பார்த்தால் பதினேழு வார உழைப்பு! கண்டனம் கிளம்பியதும் கம்பனி புள்ளிவிபரம் காட்டிற்று: நூற்றுக்கு எண்பத்தெட்டுச் சீட்டுகள் நிலையான விலையிலேயே விற்கப்பட்டன, சராசரி விலை 202 டொலர்தான் என்றது. அந்த நிலையான விலையே 399 டொலர் வரை போயிற்று என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாடகரும் மௌனமாக இருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் பத்திரிகைப் பேட்டியொன்றில் அவர் சொன்னதன் சாரம் இது: பல்லாண்டுகளாகத் தம்மையொத்தவர்களை விடக் குறைவாகவே வாங்கி வந்தார், இம்முறை மற்றவர் செய்வதையே செய்யும்படி தம் ஆட்களிடம் சொன்னார், எப்படியும் இடைத்தரகன் அந்த விலைக்குத்தான் விற்கப்போகிறான், அந்தப் பணம் மேடையில் வியர்வை சிந்துபவருக்கு ஏன் சேரக்கூடாது? கச்சேரி பிடிக்காவிட்டால் வெளியே போகும்போது பணத்தைத் திருப்பிப் பெறலாம் என்றும் வேடிக்கையாகச் சொன்னார்.

வியர்வைக்குக் கூலி என்ற வாதத்தை நாம் அலட்சியம் செய்ய முடியாது. கலைஞன் பட்டினி கிடக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் இவர் தம் பாடல்களின் உரிமையைச் சோனிக் கம்பனிக்கு 2021 டிசெம்பரில் ஏறத்தாழ 50 கோடி டொலருக்கு விற்றதாகச் செய்தி வந்ததே! வியர்வையின் கணக்கு ஏற்கனவே நன்றாகத் தீர்ந்துவிட்டது. கள்ளச்சந்தைக்காரன் 5,000 டொலருக்கு விற்பது களவு, கம்பனியே அதை 5,000 டொலருக்கு விற்றால் நியாயம் என்பதும் விசித்திரமான தர்க்கம். களவைத் தடுக்க வேறு வழிகள் இல்லாமலில்லை. வாங்கிய விலைக்கு மேல் மறுவிற்பனை செய்யக்கூடாதென விதிக்கலாம். வாங்கியவன் பெயருக்கே சீட்டைக் கட்டிவிடலாம். இவை எவருக்கும் தெரியாத இரகசியமல்ல. மேலும், சீட்டுக் கம்பனியான டிக்கட்மாஸ்டரும் கச்சேரி நடத்தும் கம்பனியான லைவ் நேஷனும் 2010இல் ஒன்றாகிவிட்டன. சீட்டு விற்பதும் அவர்களே, கச்சேரி வைப்பதும் அவர்களே, பல மண்டபங்களை ஆள்வதும் அவர்களே, மறுவிற்பனைச் சந்தை நடத்துவதும் அவர்களே. கள்ளனைக் காட்டி விலையேற்றுபவன், கள்ளன் விற்கும் சந்தைக்கும் வாடகை வாங்குகிறான்! 2024 மே மாதத்தில் அமெரிக்க நீதித் திணைக்களமே, பல மாநிலங்களோடு சேர்ந்து, இவ்விணைப்பைப் பிரிக்கக் கோரி வழக்குத் தொடுக்க நேர்ந்தது.

இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு குழு போராடிப் பார்த்தது. பேர்ள் ஜாம் என்னும் ரொக் இசைக்குழு, தன் சீட்டு 20 டொலரைத் தாண்டக்கூடாதென்று நின்று, டிக்கட்மாஸ்டரின் ஏகபோகத்துக்கு எதிராக 1994இல் முறையிட்டது. காங்கிரஸ் விசாரணையிற் சாட்சியும் சொன்னது. 1995இல் நீதித் திணைக்களம் விசாரணையைக் கைவிட்டது. அப்போது அக்குழுவோடு தோளோடு தோள் நிற்கப் பெரிய பெயர்களில் எத்தனை பேர் முன்வந்தார்கள் என்பதை இன்று விலையேற்றத்துக்குச் சமாதானம் சொல்வோர் நினைத்துப் பார்க்கட்டும்.

வேறு வழியில்லை என்போருக்கு வாஷிங்டன் நகரத்தின் ஃபுகாஸி என்னும் குழுவைக் காட்டுகிறோம். 1987இல் தோன்றி 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தவர்கள். சீட்டின் விலை பெரும்பாலும் 5 டொலர். எந்த வயதினரும் உள்ளே வரலாம். தம் பெயர் பொறித்த சட்டைகளைக்கூட அவர்கள் விற்கவில்லை. கூட்டத்தில் பிறரை இடித்துக் காயப்படுத்துபவன் கையில் அவனுடைய 5 டொலரைக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதில் இப்படியும் ஒரு முறை உண்டு! 1991 ஜனவரி 12ஆந் திகதி, வளைகுடாப் போருக்கு அமெரிக்கக் காங்கிரஸ் அனுமதி வழங்கிய அதே நாளில், வெள்ளை மாளிகைக்கு எதிரேயுள்ள லாஃபயெட் பூங்காவில், குளிரில் நின்று, போரையும் வீடற்றோரின் அவலத்தையும் எதிர்த்து இலவசமாகப் பாடினார்கள். பெரிய கம்பனிகளின் தயவு அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. இயன் மக்கேயும் நண்பரும் 1980இல் தொடங்கிய டிஸ்கோர்ட் என்ற சிறிய நிறுவனமே அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்டது. இவர்கள் ஏழைகளாய் மடிந்துவிடவும் இல்லை.

இரசிகருக்கும் ஒரு வார்த்தை. இடம் குறைந்த மண்டபத்தில் எவரோ சிலர்தாம் நுழைய முடியும். அதை எந்தத் தத்துவத்தாலும் மாற்ற முடியாது. குளிரில் விடியுமுன் வரிசையில் நிற்கும் முறையிலும் குறையுண்டு. இரவு வேலைக்காரனும் கைக்குழந்தைக்காரியும் வரிசைக்கு வர முடியாது. குலுக்கலிலும் உண்மையான இரசிகன் தவறிப்போகலாம். ஆயினும் வரிசை கேட்பது காலை; குலுக்கல் கேட்பது அதிர்ஷ்டத்தை; விலை ஒன்றுதான் சட்டைப்பையைக் கேட்கிறது. அந்தப் பையைத் திறந்து காட்டி உள்ளே போனவன், 'நான் நேரில் கேட்டவன்' என்று பின்னர் மார்தட்டுவதில் இசைமேல் உள்ள அன்பு எவ்வளவு, வெளியே நிற்பவன்மேல் உள்ள இளக்காரம் எவ்வளவு என்பதை அவனே தன் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும். கடனட்டையிற் கடன்பட்டேனும் உள்ளே போகும் இரசிகரை நாம் ஏளனம் செய்யவில்லை. அவருடைய அன்புதான் இந்த வியாபாரத்தின் மூலப்பொருள். விலை ஏறுவது அரங்கின் வசதியால் அன்று. அவரால் விட்டுவிட முடியாது என்பது கம்பனிக்குத் தெரிந்திருப்பதாலேயே ஏறுகிறது. 'மனமுவந்து கொடுக்கிறான்' என்பதன் உட்பொருள் இதுதான்.

மனமுவந்து கொடுப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஸ்பிரிங்ஸ்டீனின் சொந்த இரசிகரே காட்டினர். 1980இல் சார்ல்ஸ் குரோஸ் என்பவர் சியாட்டில் நகரில் 'பாக்ஸ்ட்ரீட்ஸ்' என்ற இரசிகர் ஏட்டைத் தொடங்கினார். அவருடைய பாடல் ஒன்றின் பெயரே ஏட்டின் பெயர். நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஒவ்வொரு சுற்றுப்பயணத்தையும், ஒவ்வோர் இரவின் பாடல் வரிசையையும் பதிந்து வந்த ஏடு அது. அந்தப் பாடகரைப் பற்றி அதற்கு ஈடான பதிவு வேறில்லை எனலாம். 2023 பெப்ரவரி 1ஆந் திகதி, ஃபுளோரிடாவின் தம்பா நகரில் புதிய சுற்றுப்பயணம் தொடங்கிற்று. தம் வாசகர்களிற் பலரால் உள்ளே போகவே முடியாத கச்சேரிகளைப் பற்றி உற்சாகமாக எழுத மனம் இடந்தரவில்லை என்று ஏட்டை நடத்தியவர்கள் 3ஆந் திகதி அறிவித்து, ஏட்டை நிறுத்திக்கொண்டார்கள்.