உப்புத் தொட்டிக்கு எந்தத் தண்ணி?

ஸ்பிரிங்வெளியில இருந்துகொண்டு கடல் மீன் வளர்க்க ஆசைப்படுறது பைத்தியக்காரத்தனம் இல்ல. பவளங்களுக்கு 25, 26 பாகை வெப்பம் போதும். கொழும்புல தொட்டியைக் குளிரவைக்கவே சில்லர் வாங்கிக் காசைக் கரைக்கிறாங்க. நாம ஒரு சின்ன ஹீட்டரோட சமாளிச்சிடலாம். சிக்கல் தண்ணியிலதான். எந்த வீடியோவைப் பார்த்தாலும் முதல்ல ஆர்.ஓ. மெஷின் வாங்கச் சொல்றாங்க. தோட்டத்து லயத்துக்கு அந்த ஆலோசனை பொருந்தாது.

பீலித் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, லீற்றருக்கு 35 கிராம் கணக்குல கடல் உப்பைக் கலந்தா போதாதா என்று கேப்பீங்க. போதாது. தேயிலையில கொப்புள நோய் வந்தா செப்பு கலந்த மருந்து அடிக்கிறாங்க. பீலிக்கு மேல தேயிலை மலை இருந்தா அந்தச் செப்பும், யூரியாவுல இருந்து வர்ற நைத்திரேற்றும் மழையோட இறங்கி வரலாம். நைத்திரேற்றால பாசி பிடிக்கும், அதைச் சுரண்டி எடுத்திடலாம். செப்பு அப்படியில்ல. குடிதண்ணியில லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரைக்கும் செப்பு இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுல பத்துல ஒரு பங்கைக்கூட இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது.

கொதிக்க வைக்கிறதால கிருமி சாகும், ஆனா செப்பு எங்கயும் போகாது. ஆவி போகப்போக இன்னும் செறிவாகும். கரி வடிகட்டி குளோரினை எடுக்கும், நைத்திரேற்றை விட்டுடும். மழைத்தண்ணி நல்ல யோசனைதான், ஆனா லயத்துக் கூரை தகரம். அதுல பூசின நாகம் தண்ணியில கரையும், இறாலுக்கு அதுவும் நஞ்சு. கூரையைத் தொடாம, சுத்தமான பிளாஸ்டிக் விரிப்புல பிடிச்சா சரி.

ஆர்.ஓ.வுக்கு வாறேன். அது ஒழுங்கா வேலை செய்ய 3 பார் அளவு அழுத்தம் வேணும். தண்ணி டாங்கி வீட்டை விட ஏறக்குறைய 30 மீற்றர் உசரத்துல இருந்தாத்தான் அது கிடைக்கும், இல்லாட்டி பம்பு வாங்கணும். அதோட ஒரு லீற்றர் நல்ல தண்ணிக்கு மூணு, நாலு லீற்றர் கழிவாப் போகும். ஆடி ஆவணியில ஊவா காஞ்சு கிடக்கும்போது, பல வீட்டுக்கு ஒரே பைப்பு இருக்கிற இடத்துல, மீனுக்காக வாளிவாளியா ஊத்தி விட்டா பக்கத்து வீட்டு அக்கா சும்மா இருப்பாங்களா? சிறுநீரக நோய் வாட்டுற கிராந்துருகோட்டைப் பக்கம் குடிக்கிறதுக்கு ஆர்.ஓ. வைக்கிறதுல அர்த்தம் இருக்கு. இங்க மீன் தொட்டிக்கு அது தேவையில்ல.

என் தெரிவு டீ.ஐ. ரெசின். பஞ்சு வடிகட்டி, கரி, அப்புறம் ரெசின் குழாய். அழுத்தம் வேணாம், கழிவும் இல்ல. கரைந்த உப்பு கூடின தண்ணியில ரெசின் சீக்கிரம் தீந்துடும், அதனாலதான் வெளியில ஆர்.ஓ.வை முன்னால போடுறாங்க. மலை ஊற்றுத் தண்ணியில உப்பு பொதுவாக் குறைவு. டீ.டீ.எஸ். மீற்றர் 50க்குக் கீழ காட்டினா, ஒரு லீற்றர் ரெசின் சில நூறு லீற்றர் தண்ணிக்கு வரும். 40 லீற்றர் தொட்டிக்கு அது நிறைய. நிறம் மாறுற ரெசினா வாங்குங்க; நிறம் முழுசா மாறுறதுக்கு முன்னாலயே மாத்திடுங்க. தொட்டியில தண்ணி வத்தினா இந்தத் தண்ணியையே உப்பில்லாம ஊத்துங்க, ஏன்னா உப்பு ஆவியாகிறதில்ல.

ஒண்ணு மட்டும் குழப்பிக்காதீங்க. ரெசின் கிருமியை எடுக்காது, டீ.டீ.எஸ். மீற்றர் கிருமியைக் காட்டாது. இறால் உயிரோட இருக்குங்கிறதால அந்தப் பீலித் தண்ணியைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்க முடியாது. அதைக் கொதிக்க வச்சேதான் ஆகணும். மனுசங்க குடிக்கிற தண்ணியைச் சோதிக்க மாதிரி எடுத்து அனுப்புறது பொதுச் சுகாதாரப் பரிசோதகரோட வேலை. இறாலுக்காக மீற்றரும் ரெசினும் தேடி அலையிற நாம, ஒருதரம் அவர்கிட்டயும் போய்க் கேக்கலாமே. லயத்துல நாலஞ்சு வீட்டுக்காரங்க கையெழுத்து வச்ச கடிதத்தோட போனா இன்னும் நல்லது.