நாய்க்குட்டியைக் கயிற்றில் பழக்குதல்

இளங்காளையை நுகத்துக்குப் பழக்குவதில் பல வாரம் பொறுமை காட்டும் குடியானவர்கள், காவலுக்கு வளர்க்கும் நாய்க்குட்டியை மட்டும் ஒரே நாளில் சங்கிலியில் பிணைத்து விடுகின்றனர். இது சரியன்று. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை முதலிய பலமிக்க ஜாதிகளில் இதன் தீங்கு அதிகம். கயிற்றுடன் நடக்கக் கல்லாத நாய் வளர்ந்தபின் எஜமானையே இழுத்துச் செல்லும். தடுப்பூசிக்காக அதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும் பெரும்பாடாகும். வெறிநோயின் குறிகள் தோன்றியபின் நாய்க்கேனும் அதனால் கடியுண்ட மனிதனுக்கேனும் பிழைக்க அநேகமாக வழியில்லை என்பதை மறக்கலாகாது.

பழக்கும் முறையோ எளிது. குட்டிக்கு 8 வாரமானதும், 2 விரல் நுழையுமளவு தளர்வாக மெல்லிய கழுத்துப்பட்டை கட்டி, வீட்டு முற்றத்திலேயே தினம் இருமுறை 5 நிமிஷம் நடத்த வேண்டும். குட்டி இழுத்தால் நடத்துபவர் நின்றுவிட வேண்டும். கயிறு தொய்ந்தவுடன் சிறிது தீனி கொடுத்து மேலே நடக்க வேண்டும். பதிலுக்கு இழுப்பதும் அடிப்பதும் கூடா; இழுத்தால் எதிர்த்திழுப்பது நாயின் இயல்பு. இவ்வாறு பழக்கினால், 3 மாதம் நிரம்பித் தடுப்பூசி போடும் சமயத்தில் குட்டி அடங்கி உடன் நடந்து வரும்.

ஊசி போடும் நாளை ஊராருக்கு அறிவிக்கும் கிராம அதிகாரிகள், இம்முறையையும் முன்கூட்டியே எடுத்துரைத்தல் உசிதமாகும்.