பிரைவேட்டில் காட்டினால் கெதியாய் முடியும்

ஊரிலிருந்து வரும் ரெலிபோன்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வசனம் இது. கெதியாய் முடிவது வருத்தமா, காசா என்று திருப்பிக் கேட்டால் கோபிக்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

இலங்கையில் பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கும் அதே ஸ்பெஷலிஸ்ட்டைத்தான் பின்னேரம் காசு கட்டி, நம்பர் எடுத்து, ‘சனல்’ பண்ணுகிறார்கள். ஆள் மாறவில்லை, கணக்குத்தான் மாறுகிறது. வெளியே நீண்ட வரிசை, உள்ளே சில நிமிடங்கள். நோயாளி சொல்லி முடிக்க முதல் ஸ்கேனுக்குத் துண்டு எழுதியாகிறது. ரெஸ்ரோரண்ட் குசினிகளில் நிற்கும் எங்களுக்கு இது விளங்காததல்ல: மேசை கெதியாய்க் காலியானால்தான் முதலாளிக்கு லாபம். டொக்டர்மார் எல்லோரும் திருடர் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்றால் அன்றைய சனல் காசோடு சரி. ‘வெட்டுவோம்’ என்றால் அறைக்கும் தியேட்டருக்கும் மருந்துக்கும் தனித்தனி பில்.

எங்கள் குடும்பங்கள் பல வைத்தியத்துக்குப் போகும் தமிழ்நாட்டைப் பாருங்கள். இந்திய அரசின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) அங்கே தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 64 சிசேரியன். அரசு ஆஸ்பத்திரிகளில் 36. அதுவும் குறைவில்லை. ஆனால் காசுள்ள பெண்களுக்கு மட்டும் இடுப்பெலும்பு ஒடுங்கிப் போய்விட்டதா?

வெள்ளைக்காரனின் நாடு புனிதம் என்றும் சொல்ல வரவில்லை. ஜேர்மனியில் 2004 முதல் ஆஸ்பத்திரிகளுக்குக் ‘கேசுக்கு இவ்வளவு’ என்றே காசு. தேவையில்லாத முழங்கால், முதுகு ஒப்பரேசன்கள் பற்றி அங்கும் சண்டைதான். ஆனால் 2015இல் சில ஒப்பரேசன்களுக்கு முன் இன்னொரு டொக்டரிடம் அபிப்பிராயம் கேட்பதை நோயாளியின் உரிமையாகச் சட்டத்தில் எழுதினார்கள். செலவு காப்புறுதியினுடையது. டொக்டரின் நல்ல மனதை மட்டும் நம்பி அவர்கள் இருக்கவில்லை.

எங்கள் ஆட்களிடம் இன்னொரு டொக்டரைக் கேட்கச் சொன்னால், ‘வெளிநாட்டிலிருந்து காசு அனுப்ப மனமில்லை’ என்ற பழி வருகிறது. வரட்டும். குடல்வால் வெடிக்கிற நேரத்தில் விவாதம் வேண்டாம், உடனே வெட்டட்டும். மற்ற நேரங்களில் காசு போக முன் மூன்று கேள்விகள் போகட்டும்: என்ன வருத்தம்? பொறுத்தால் என்ன நடக்கும்? வேறொரு டொக்டர் பார்த்தாரா? பதில் சொல்ல நேரமில்லாத டொக்டரிடம் கத்தியை மட்டும் எப்படி நம்பிக் கொடுப்பது?